மரண அறிவித்தலில் மிதுனாவின் பெயர்

பெப்ரவரி 3, செவ்வாய்

காலையில் மைனஸ் பதினாறு. பஸ் கதவு உறைந்து கிடந்தது. ஒரு உதை கொடுத்த பிறகுதான் வழிக்கு வந்தது. பின்னால் நின்ற கிழவர் கை தட்டினார்.

ஷிஃப்ட் முடிந்து வந்து சூட்கேஸ். மிதுனாவுக்கு: பருத்திச் சட்டைகள் (ஐந்து வயது அளவு, மெலிந்த பிள்ளை, அதனால் நாலு வயது அளவிலும் இரண்டு), செருப்பு, கிரேயோன், பேன் சீப்பு, நுளம்புக் கிறீம். ரமணன் ஒரு கம்பளித் தொப்பியையும் செருகியிருக்கிறார். மட்டக்களப்பு வெயிலுக்குக் கம்பளித் தொப்பி. "திரும்பி வரேக்கை பியர்சன் எயார்போட்டிலை இறங்கினவுடனை வேணும்" என்கிறார். சரி, இருக்கட்டும்.

20ஆம் திகதி விமானம். 26ஆம் திகதி அங்கே நீதிமன்றம். நாங்கள் இருவரும் நேரில் நிற்க வேண்டும். ஒருவர் வராவிட்டாலும் தத்துக் கட்டளை கிடையாது. தவறினால் அடுத்த தவணை எப்போது என்று யாருக்கும் தெரியாது. ஏஜென்சி லிண்டா இதைப் படித்துப் படித்துச் சொல்லிவிட்டா. இத்தனை வருடமாக அவ சொன்ன எல்லாவற்றையும் செய்தாயிற்று. வீட்டில் குளியலறைச் சுடுதண்ணீரின் சூடு எவ்வளவு என்றுகூட ஒருத்தி வந்து அளந்துவிட்டுப் போனாள்.

ஞாயிறு வீடியோவில் மிதுனா கேட்டது: "பெரிய பஸ்ஸா நீங்க ஓட்டுற? நான் முன்னுக்கு இருக்கலாமா?"

முன் சீற் வயதானவர்களுக்கு. அவளுக்கும்தான்.

பெப்ரவரி 5, வியாழன்

பெரியப்பா போய்விட்டார். காலைத் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கதிரையில் இருந்தபடி.

ரமணனின் தகப்பனுக்கு அண்ணன் இவர். ஷெல் விழுந்து தாய் தகப்பன் இருவரும் ஒன்றாகப் போனபோது ரமணன் சின்னப் பெடியன். இவரும் பெரியம்மாவும்தான் இங்கே எடுப்பித்து, சென் ஜேம்ஸ் ரவுணில் ஓர் அறை வீட்டில் வைத்து வளர்த்தார்கள். அவர்களுக்கென்று பிள்ளை இல்லை. ரமணன் சத்தம் போட்டு அழுதார். கலியாணம் செய்த இத்தனை வருடத்தில் அப்படி அழுததை நான் காணவில்லை.

கொள்ளி அவர்தான். அதில் கேள்வியே இல்லை.

ரமணனின் ஒன்றுவிட்ட அண்ணன் தேவண்ணை மதியமே வந்து எல்லாவற்றையும் பொறுப்பெடுத்துவிட்டார். கலியாணம் என்றாலும் சாவு என்றாலும் எங்கள் குடும்பத்தில் முன்னுக்கு நிற்பது அவர். மண்டபம், ஐயர், சாப்பாடு, பத்திரிகை அறிவித்தல். நல்ல காலம், எங்களுக்கு ஒன்றும் ஓடவில்லை.

போகும்போது வாசலில் சப்பாத்தைப் போட்டபடி மெதுவாக:

"தங்கச்சி, செத்த வீட்டுத் துடக்கெல்லோ. முப்பத்தொண்டாம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிச்சாப் பிறகுதான் ரமணன் எங்கையும் வெளிக்கிடலாம். உந்தப் பயணத்தைக் கொஞ்சம் பின்னுக்குப் போடுங்கோ."

"நீதிபதி தந்த கோட்டுத் திகதி, தேவண்ணை. அது எங்கடை கையிலை இல்லை."

"பிள்ளை எங்கை ஓடப் போகுது?"

செத்த வீடு. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பெப்ரவரி 6, வெள்ளி

பனி கொட்டுகிறது. லீவு தரவில்லை. கணவரின் பெரியப்பா கொம்பனிக் கணக்கில் உறவில்லையாம். ஓட்டினேன்.

பிறேக் நேரத்தில் ஃபோனைப் பார்த்தால் ஒரே வாட்ஸ்அப். அறிவித்தல் வந்துவிட்டது. பெரியப்பாவின் படம், பிறந்த ஊர், இருந்த ஊர், அன்புக் கணவரும், பாசமிகு சகோதரரும்... கடைசி வரி: "மட்டக்களப்பைச் சேர்ந்த மிதுனாவின் அன்பு அப்பப்பாவும் ஆவார்."

அந்த வரியை இரண்டாந்தரம் வாசித்தேன்.

தீர்ப்பு வரும்வரை பிள்ளையின் பெயர், படம், ஊர் ஒன்றும் வெளியில் போகக் கூடாது. கையெழுத்து வைத்திருக்கிறோம். சட்டப்படி அவள் இன்னும் எங்கள் பிள்ளை இல்லை. இந்த ஒரு வரிக்காக அவர்கள் ஃபைலை மூடினாலும் கேட்க முடியாது.

ரமணனுக்கு ஃபோன் அடித்தேன்.

"ஆர் உதைப் பாக்கப் போகினம்?" என்றார்.

"மட்டக்களப்பிலை ஃபோன் இல்லையோ? எங்கடை சனம் பல்லுத் தீட்ட முதல் பாக்கிறதே செத்தாக்களின்ரை பேரைத்தான்."

"அப்ப என்ன செய்யிறது?"

"லிண்டாவுக்கு நானே சொல்லப் போறன். வேறை ஆரும் சொல்லி அவ கேக்கக் கூடாது."

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

லிண்டாவிடம் சொன்னேன். தெரிந்த பிறகு அங்கே இலங்கை அதிகாரிக்கு அறிவிக்காமல் இருக்கத் தன்னால் முடியாது என்றா. நீங்களாகச் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன் என்றா. அவ குரல் நல்லாக இல்லை.

ஷிஃப்ட் முடிந்ததும் ஓட்டம். இணையத்தில் எடுத்துவிட்டார்கள். ரேடியோவில் காலைச் செய்தியோடு ஒருதரம் வாசித்தாயிற்று. மாலையில் அந்த வரியை விட்டு வாசிப்பதாகச் சத்தியம் பண்ணினார்கள். அச்சகத்தில் அறிவித்தல் காட் அடித்து முடித்துப் பெட்டியும் கட்டியாயிற்று.

"அக்கா, ஒரு வரிக்காக முழுதையும் எறியிறதோ?" என்றான் அச்சகக்காரப் பெடியன்.

"எறிய வேண்டாம். எல்லாத்தையும் எனக்குத் தாங்கோ. புதுசு அடியுங்கோ. நான் இதிலை இருக்கிறன்."

அடித்து முடியும்வரை இருந்தேன். பழைய பெட்டிகள் இப்போது கார் டிக்கியில்.

தேவண்ணையை அங்கிருந்தே பிடித்தேன். "நான் என்ன செய்ய, தங்கச்சி? பெரியம்மா சொல்லச் சொல்ல எழுதினன். எனக்கு உதிலை துண்டா விருப்பமில்லை" என்கிறார். அதில் அவருக்கு ஒரு சந்தோசம் இருந்தது போல எனக்குப் பட்டது.

பெப்ரவரி 7, சனி

மாலை உடலைப் பார்வைக்கு வைப்பதற்கு முன் பெரியம்மாவிடம் போனேன். கட்டிலில் இருந்தா. கோபமாகத்தான் போனேன். பக்கத்தில் இருந்து கேட்டேன்.

"பெரியம்மா, ஏன் போட்டனீங்கள்? சொல்லக் கூடாது எண்டு சொன்னனான்தானே."

"ரேடியோவிலை எல்லாருக்கும் பிள்ளையள், மருமக்கள், பேரப்பிள்ளையள் எண்டு வரிசையா வாசிப்பினம். இவருக்கு வாசிக்க என்ன கிடக்கு? அவளின்ரை படத்தைத் தலைமாட்டிலை வைச்சிருந்தவர் மனுசன்."

பெரியம்மா என் பக்கம் திரும்பினா.

"அதோடை, பிள்ளை, அறிவித்தலிலை பேர் வந்தா வந்ததுதான். இனி உவையள் ஒருத்தரும் ஆரின்ரை பிள்ளை, என்ன ஆக்கள் எண்டு வாய் திறக்கேலாது. எங்கடை பிள்ளை எண்டு எழுதியாச்சு."

"அதாலையே பிள்ளை வராமல் போகப் பாக்குது, பெரியம்மா."

அவவுக்கு அது இப்போதுதான் விளங்கியது. என் கையைப் பிடித்தா, விடவில்லை. எனக்கு அவவில் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது, இரண்டும் ஒரே நேரத்தில். அவவுக்கு வெள்ளைச் சேலை உடுத்திக் கூட்டிக்கொண்டு போனேன்.

பெப்ரவரி 8, ஞாயிறு

எரித்தாயிற்று. இங்கே கொள்ளி என்றால் ஒரு பட்டன். ரமணன் விரலை வைத்துக்கொண்டு அமத்தாமல் நின்றார். ஐயர் இரண்டாந்தரம் சொன்ன பிறகுதான் அமத்தினார்.

சாப்பாட்டு மேசையில் தேவண்ணையின் மனுசி, சோற்றைப் பிசைந்தபடி: "பொம்பிளைப் பிள்ளையை எடுத்து என்ன பலன்? உங்களுக்குக் கொள்ளிக்கு ஆர்?"

"பட்டன்தானே அக்கா. அவளுக்கு எட்டும்."

ரமணனுக்குப் புரைக்கேறிவிட்டது. சிரிப்போ அழுகையோ தெரியாது. முதுகில் தட்டினேன்.

பெப்ரவரி 10, செவ்வாய்

லிண்டாவிடமிருந்து: அங்கே அறிவித்தாயிற்று, பதில் வரவில்லை, ரிக்கற்றை மாற்ற வேண்டாம், மாற்றாமலும் இருக்க வேண்டாம். இதற்கு என்ன அர்த்தம்? ரிக்கற்றை மாற்றவில்லை.

இன்று இரண்டு தரம் ஸ்டொப்பில் நிறுத்தாமல் ஓட்டிவிட்டேன். ஒரு பெடிச்சி பெல் அடித்துக்கொண்டே இருந்தாள். மன்னிப்புக் கேட்டேன்.

நுளம்புக் கிறீம் பிள்ளைகளுக்குரியதா என்று பார்க்க வேண்டும்.

பெப்ரவரி 12, வியாழன்

எட்டுச் செலவு, எட்டாம் நாள் படையல். பெரியப்பாவுக்குப் பிடித்ததெல்லாம் படைத்தது: விளைமீன் பொரியல், கணவாய்க் கறி, கால் போத்தல் விஸ்கி, கடையில் வாங்கின, பாலும் சீனியும் இரட்டிப்பான டபுள் டபுள் கோப்பி ஒன்று. கோப்பியைப் பார்த்து ஐயர் ஒன்றும் சொல்லவில்லை. பழகிவிட்டார்.

சாப்பாடு முடிந்ததும் தேவண்ணை சபையைக் கூட்டினார்.

"கொள்ளி வைச்சவன் முப்பத்தொண்டு முடியாமல் கடல் தாண்டுறது முறையில்லை. நான் சொல்லேல்லை, முறை சொல்லுது. பிள்ளை எடுக்கிற அலுவலும் இப்ப குழம்பிக் கிடக்காம். அப்ப தள்ளி வைக்கிறதிலை என்ன?"

"தேவண்ணை, மண்டபம் கிடைக்கேல்லை எண்டு செத்தவரையே ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினனாங்கள். அப்ப முறை எங்கை போனது?" என்றேன்.

ரமணன் என் முழங்கையைத் தொட்டார். "நீர் கொஞ்சம் இரும்" என்றார். பிறகு தேவண்ணையைப் பார்த்து, "நான் போறன் அண்ணை" என்றார். அவ்வளவுதான். தேவண்ணைக்கு எதிராக அவர் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

சபை குழம்பத் தொடங்கியது. சுவரோடு இருந்த பெரியம்மா எழும்பினா.

"தேவா, அந்தியேட்டி எங்கை செய்யிறது விசேசம்?"

"ஊரிலை கீரிமலைத் தீர்த்தக் கரை எண்டா நல்லதுதான் பெரியம்மா. ஆனா இஞ்சை இருக்கிற நாங்கள்..."

"அப்ப இவன் அங்கை செய்யட்டும். இவரின்ரை சாம்பலையும் கொண்டு போகட்டும். கோட்டுத் தவணை இருபத்தாறு. முப்பத்தொண்டு வரேக்கை அவங்கள் அங்கைதானே நிப்பாங்கள்."

கீரிமலை வேண்டாம் என்று எந்த யாழ்ப்பாணத்தான் சொல்லுவான்? தேவண்ணை தலையாட்டிவிட்டு, கீரிமலையில் ஐயர் ஒருவரைத் தனக்குத் தெரியும், தானே ஒழுங்கு செய்து தருவதாகவும் சொன்னார். மனுசனுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது.

குசினியில் பெரியம்மா என்னிடம்: "பேத்தியையும் கூட்டிக்கொண்டு போ. தண்ணிக்குக் கிட்ட விடாதை."

அவள் கிடைப்பாளா என்றே இன்னும் தெரியாது. ஓம் என்றேன்.

பெப்ரவரி 16, திங்கள்

இன்று ஃபமிலி டே, குடும்ப தின விடுமுறை. ஆகவே ஏஜென்சி பூட்டு. நான் விடுமுறை அட்டவணையில் ஓடினேன். பஸ் நிறையத் தாய் தகப்பன்மாரும் ஸ்கேற்றிங் சப்பாத்துத் தொங்கவிட்ட பிள்ளைகளும். முன் சீற்றில் ஒரு சின்னது சாக்லேட்டைக் கம்பியில் பூசிக்கொண்டு வந்தது. தாய் மன்னிப்புக் கேட்டா. பரவாயில்லை என்றேன். உண்மையில் கடைசி ஸ்டொப்பில் துடைக்க மனம் வரவில்லை, பிறகு துடைத்தேன்.

சாம்பல் கொண்டு போக விமான நிறுவனம் கேட்பது: எரித்த சான்றிதழ் மூலப்பிரதி, மரணச் சான்றிதழ், சாடி எக்ஸ்றேயில் தெரியக்கூடியதாக இருக்க வேண்டும், கையில்தான் கொண்டு வரலாம். குறித்துக்கொண்டேன்.

பெப்ரவரி 17, செவ்வாய்

லிண்டா. காலை ரூட் தொடங்க முதல்.

திகதி நிற்கிறது.

அங்கத்தைய அதிகாரி, வேறு ஆட்கள் சொல்லி அறிந்திருந்தால் ஃபைலை நிறுத்தியிருப்பேன் என்றாராம். நாங்களே முதலில் சொன்னபடியால் நீதிபதியின் முடிவுக்கு விட்டிருக்கிறார். நீதிபதி கட்டாயம் கேட்பார். ஏன் நடந்தது என்று இருவரும் தனித்தனியே சொல்ல வேண்டும். முடிவு அவர் கையில். வெறுங்கையோடு திரும்பவும் நேரலாம் என்று லிண்டா ஒளிக்காமல் சொன்னா.

ரமணனுக்குச் சொன்னபோது, "நீதிபதிக்கு என்னத்தைச் சொல்லப் போறம்?" என்று கேட்டார்.

"நடந்ததைத்தான். ஒரு மனிசன் பேத்தியைக் காணாமல் செத்துப் போனார், மனிசிக்குப் பொறுக்கேல்லை எண்டு."

பயம் இருக்கிறது. போகிறோம்.

பெப்ரவரி 20, வெள்ளி

பியர்சன். ஓடுபாதையில் பனி அள்ளுகிறார்கள். ஒரு மணித்தியாலம் தாமதமாம்.

பாதுகாப்புச் சோதனையில் சாடியைத் தனியே எடுத்து வைத்தார்கள். இளம் அதிகாரி, பஞ்சாபிப் பெடியன். யார் என்று கேட்டான். "மை ஃபாதர்" என்றார் ரமணன். சான்றிதழில் வேறு உறவு இருந்தது. பெடியன் வாசித்தான், நிமிர்ந்து பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு கையாலும் தூக்கித் தந்தான்.

சாடி இப்போது என் மடியில். ரமணன் தண்ணீர் வாங்கப் போயிருக்கிறார். ஃபோன் அடித்தது, பெரியம்மா.

"பிள்ளை, தேவன் வந்து நிக்கிறான். முப்பத்தொண்டுக்கு நன்றி சொல்லி அறிவித்தல் போட வேணுமாம், இப்பவே எழுதித் தரட்டாம். என்ன சொல்ல?"

"எழுதுங்கோ."

"அவளின்ரை பேர்?" மெல்லிய குரல். பயந்துபோய்க் கேட்கிறா.

"இப்ப போட வேண்டாம் பெரியம்மா. கோட்டுத் தவணை முடிய நான் ஃபோன் அடிக்கிறன். அதுக்குப் பிறகு போடலாம்."

"கடைசி வரியிலை கொஞ்ச இடம் விடச் சொல்லட்டோ?"

"கடைசியிலை வேண்டாம். முதல் வரியிலை விடச் சொல்லுங்கோ."