இருமல் நின்ற வண்டி

தென்னூர்,
திருச்சிராப்பள்ளி.

அன்புள்ள கலையரசனுக்கு,

ஜெயக்குமார் எழுதுகிறேன். நீ மஸ்கட்டுக்குப் புறப்பட்டபோது என் பொறுப்பில் விட்டுச் சென்ற புல்லட்டில் நான் செய்த ஒரு வேலையையும், அதனால் உன் தந்தையாருக்கு நேர்ந்திருப்பதையும் உனக்குத் தெரிவிப்பதே இக்கடிதத்தின் நோக்கம். தொலைபேசியில் சொல்லவே முயன்றேன். "அப்பா சாப்பிட்டாராடா?" என்று நீ கேட்கிறாய், அதற்குள் உன் பின்னாலிருந்து யாரோ உன்னை வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், நான் "ம்" என்று சொல்லி முடித்துவிடுகிறேன். சில நாட்களாக அந்த "ம்" உண்மையில்லை.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் சூடானால் அது ஐடிலிங்கில் நிற்காது என்பது உனக்குத் தெரியும். ஆக்சிலேட்டரை விட்டதும் இருமும், மூச்சை இழுக்கும், மறுபடி இருமும், அணைந்துவிடும். மாலைதோறும் நான் அலுவலகம் முடிந்து அந்த வண்டியில்தான் ஸ்ரீரங்கம் போய் உன் தந்தையாரைப் பார்த்துவிட்டு வருகிறேன். சத்திரம் சிக்னலில் அணையும். காவிரிப் பாலத்தில் நெரிசல் என்றால் அங்கும் அணையும். ஒரு நாள் ஆட்டோக்காரர் ஒருவர், "சார், ஆத்துல தண்ணி பார்க்க வந்தீங்களா, வண்டி தள்ள வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். தராசின் முள் சற்றே விலகி நின்றாலும் முத்திரையிட மறுக்கும் உத்தியோகத்தில் இருப்பவன் நான். ஒரு பொருள் தன் அளவில் நிற்காமலிருப்பதை என்னால் பொறுக்க முடிவதில்லை.

எனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை விதிப்படி வேலையைத் தொடங்கினேன். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். சிறு துளையுள்ள ஸ்லோ ஜெட்டில் பல வருட அழுக்கு அடைத்திருந்தது. கார்புரேட்டரும் இன்ஜினும் சேருமிடத்தில் பேக்கிங் வெடித்து, அவ்வழியே காற்று உள்ளே புகுந்துகொண்டிருந்தது. அதை மாற்றினேன், உள்ளே ஏறி இறங்கியே தேய்ந்துபோன சிலைடையும் மாற்றினேன். இன்ஜினை நன்றாகச் சூடாக்கிய பிறகே ஏர் ஸ்குரூவில் கை வைத்தேன். சத்தம் எங்கே சீராகி உயர்கிறதோ அங்கே அதை நிறுத்தி, ஐடிலிங் ஸ்குரூவால் வேகத்தைக் குறைத்தேன். வண்டி ஸ்டாண்டில் நின்றபடி நிதானமாகத் துடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

இனி, நான் உனக்கு இதுவரை சொல்லாததைச் சொல்கிறேன்.

உன் தந்தையாருக்குப் பார்வை மங்கியதோடு நினைவும் தடுமாறத் தொடங்கியிருக்கிறது. ஆனால் வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டியவரின் காது அப்படியே இருக்கிறது. உன் வண்டி கேட்டருகே இருமி அணைந்ததும் அவர், "கலை வந்துட்டான். மாரியாயி, சோத்தைப் போடு" என்று சமையல் செய்யும் மாரியாயிக்குக் குரல் கொடுப்பார். நான் பக்கத்தில் உட்காருவேன். "ஏன்டா இவ்வளவு நேரம்?" என்று திட்டிக்கொண்டே உண்பார். "வேலை எப்படிடா போகுது?" என்பார். என் வேலையை நினைத்துக்கொண்டு "போகுதுப்பா" என்பேன். நான் பொய் எதுவும் சொல்லவில்லை, திருத்தவுமில்லை. அந்த வேறுபாடு அப்போது எனக்குப் போதுமானதாக இருந்தது. என் பெற்றோர் இருவரும் போன பிறகு என்னை "டா" போட்டு அதட்ட ஒருவரும் இல்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்வதே நேர்மை.

அந்த ஞாயிறு மாலை, வண்டி அணையாமல் வாசலில் நின்றது. நானே சாவியைத் திருப்பி அணைத்தேன். உள்ளே போனேன். உன் தந்தையார் மரியாதையாக நாற்காலியை நகர்த்தி, "யாருங்க? வாங்க, உட்காருங்க" என்றார்.

அந்த "ங்க" என் நெஞ்சில் அடித்தது, கலை.

"வண்டி அருமையா நிக்குதுங்க. நல்ல மெக்கானிக்கு வெச்சிருக்கீங்க. என் பையன் வண்டி காசநோய்க்காரன் மாதிரி இருமும். அவன் வரட்டும், உங்க மெக்கானிக்கிட்ட அனுப்பி வைக்கிறேன்" என்று சிரித்தார். மாரியாயி தட்டை வைத்தார். "பையன் வரட்டும்மா" என்று உன் தந்தையார் ஒதுக்கிவிட்டார்.

அன்று முதல் அதே பதில்தான். பால் குடிக்கிறார், வற்புறுத்தினால் கொஞ்சம் கஞ்சி. மருத்துவரிடம் அழைத்துப் போனேன். உடம்பில் புதிதாக ஒரு நோயும் இல்லை, இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் வைக்க நேரும் என்கிறார். மாரியாயி என்னிடம், "அண்ணே, வண்டிக்கு வைத்தியம் பண்ணிட்டீங்க, இங்க மனுசனுக்குச் சோறு இறங்க மாட்டேங்குது" என்று முகத்துக்கு நேரே சொன்னார்.

கெடுத்துப் பார்க்கவும் முயன்றேன். ஸ்குரூக்களைப் பழைய நிலைக்கே திருப்பினேன். வண்டி அலறுகிறது, அல்லது சட்டென்று செத்துவிடுகிறது. இரும மாட்டேன் என்கிறது. அந்த இருமல் வெடித்த பேக்கிங்கிலும் தேய்ந்த சிலைடிலும் இருந்திருக்கிறது. இரண்டையும் நான்தான் குப்பை வண்டியில் போட்டேன். சரியான நிலைக்குப் புத்தகத்தில் அளவு இருக்கிறது. உன் தந்தையார் அறிந்த நிலைக்கு எந்த அளவும் இல்லை.

நேற்று அவரிடம் முதன்முறையாக, தெரிந்தே ஒரு பொய் சொன்னேன். "அப்பா, நான்தான், கலை" என்றேன். அவர் சற்று நேரம் காதைச் சாய்த்துக் கேட்டார். "கலையோட ஃப்ரெண்டுங்களா? உட்காருங்க சார், அவன் இப்ப வந்துடுவான்" என்றார். உன் குரலைத் தொலைபேசியில் கேட்கவைத்தால் என்ன என்று நீ நினைக்கலாம். நீ பேசிக்கொண்டிருக்கையிலேயே, உனக்குச் சொல்லாமல் போனை அவர் காதில் வைத்தும் பார்த்தேன். "போன்ல பேசுறவன் வரமாட்டான்" என்று என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

உன் விடுப்பு எத்தனை முறை தள்ளிப்போனது என்று நான் கணக்குக் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கில்லை. நான் வந்துபோய்க் கொண்டிருந்ததால்தான் நீ வராமலிருக்க முடிந்ததோ என்று மட்டும் இப்போது தோன்றுகிறது. இரண்டு வருடமாக உன் இடத்தை வெற்றிடமாகத் தெரியவிடாமல் நானே மறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். எந்த வண்டியிலாவது வா, நடந்தாவது வா. நீ நலமாக இருக்க வேண்டும், உன் வேலை நிலைக்க வேண்டும். அவர் உன்னை ஒரு முறை திட்டும்வரையாவது அவருக்குத் தெம்பு இருக்க வேண்டும்.

அதுவரை என்ன செய்வது என்று யோசித்தேன். நேற்று அவர் சொன்னதில்தான் வழி இருக்கிறது. என்னை அவர் சரியாகவே அடையாளம் கண்டிருக்கிறார். இக்கடிதத்தை அஞ்சலில் சேர்த்துவிட்டு, வண்டியை இங்கேயே விட்டு, பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போகிறேன். நான் கலையின் நண்பன், கலை இன்று வரமாட்டான், எனக்குப் பசிக்கிறது என்று சொல்லப்போகிறேன். வீடு தேடி வந்தவனைத் தனியாகச் சாப்பிடவிட்டு வேடிக்கை பார்ப்பவரல்ல உன் தந்தையார். எதிரெதிரே இரண்டு தட்டு வைக்கச் சொல்வேன். அவர் கை வைக்கும்வரை நானும் சோற்றில் கை வைக்கமாட்டேன்.

உன்,
ஜெயக்குமார்