மூன்று கிராமுக்கு ஒரு ரீல்

மே 3, ஞாயிறு
காலை ஆறுக்கே புழுக்கம். அடையாறு முகத்துவாரம். மீன் பூஜ்யம். நூல் சிக்கு பதினோரு தடவை. இரைக்குப் பதில் கட்டும் மூன்று கிராம் ரப்பர் மீன் கிளம்புவதற்குள் பழைய ரீலின் நூல் உருளை பாய்ந்து சுற்றிவிடுகிறது. நூல் தேங்காய் நார்.

சேவியர் சிரித்தான். "ஐயரே, மீன் புடிக்க வந்தியா, சிக்கெடுக்க வந்தியா?" அப்புறம் குரல் இறங்கியது. "எம் பொண்ணு ஜெனிக்கு ஒம்பதாம் மாசம். கொடுவா கொழம்பு கேட்டுக்கினு கீது. மீன்புடி தடைக்காலம், எங்க போட்டு கரையில கட்டிக் கெடக்குது. மாட்னா வுட்டுடாத."

சரி என்றேன். பிடிப்பதையெல்லாம் திரும்ப விடுகிறவன் நான். வீட்டில் சுத்த சைவம். தூண்டில்கூட சேவியர் வீட்டுப் பரணில்தான். உப்பு போகக் கழுவி வைப்பதும் அவன்தான்.

மே 6, புதன்
பேங்கில் கூட்டம் இல்லை. ரீல் பற்றிக் குறிப்பு:
- லேசான உருளை. ஆழம் குறைவாக.
- மெல்லிய நூல்.
- பிரேக்கைத் துளித்துளியாகக் கூட்டக் குறைக்க முடியணும்.
- இடது கைப்பிடி (போன தடவை மாற்றி வாங்கி அசடு வழிந்தது போதும்).

ராத்திரி சாப்பாட்டில் வசந்தா: "இன்னொரு ரீலா? பிடிச்சுண்டு திரும்ப விடறதுக்கா? வாயில முள்ளக் குத்தி இழுத்துட்டு விட்டா அது ஜீவகாருண்யமா?" ரசத்தை ஊற்றிக்கொண்டேன். அதில் உப்பு இல்லை.

மே 9, சனி
தி.நகர். நடக்க இடமில்லை. கடைக்காரர் ரீல் நூலில் பெரிய ஈயக்குண்டைக் கட்டி, "எப்டி எறங்குது பாருங்க சார்!" ஈயக்குண்டுக்கு எந்த ரீலும் இறங்கும். பையிலிருந்து என் மூன்று கிராமை எடுத்துக் கட்டினேன். அவர் முகம் சுண்டிவிட்டது. முதல் இரண்டு ரீலும் அசையவே இல்லை. மூன்றாவதில் கட்டைவிரலைத் தளர்த்தியதும் ரப்பர் மீன் மெதுவாக, நிற்காமல், தரைவரை. வாங்கிவிட்டேன். சின்னப் பையன் மாதிரி சந்தோஷம்.

மே 10, ஞாயிறு
காற்று இல்லை. கடல் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. புது ரீல் பிரமாதம். சிக்கு ஒன்றுகூட இல்லை. ஏழாவது வீச்சில் கொடுவா. மூன்று கிலோ இருக்கும்.

"ஐயரே, ஜெனி மீனு!" சேவியர் கத்திக்கொண்டே வண்டியிலிருந்து பை எடுக்க ஓடினான். நான் முள்ளைக் கழற்றினேன். ஆறு வருஷப் பழக்கம், முள் கழன்றதும் கை தானாகத் தண்ணீருக்குள் போய்விடும். போயிற்று. மீனும் போயிற்று.

தானாக என்று எழுதியது பொய். நடுவில் ஒரு நொடி இருந்தது. புது ரீலில் முதல் மீன், சாகடிக்க வேண்டாம் என்று நினைத்தேன். ஜெனியை நினைக்கவே இல்லை.

பையோடு வந்தவன் என் வெறும் கையைப் பார்த்தான். "எங்க?" நான் தண்ணீரைக் காட்டினேன். அத்தோடு வாயை மூடியிருக்கலாம். "மார்க்கெட்ல வாங்கித் தரேன் சேவியர்."

"மீன்காரன் வூட்டுக்கு நீ மீனு வாங்கித் தரியா?"

கத்தவில்லை. பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டான். வழக்கம்போல் தூண்டிலை வாங்கி வண்டியில் கட்டினான். டீ குடிக்க நிற்கவில்லை.

மே 14, வியாழன்
சேவியருக்குப் போன், நாலு தடவை. எடுக்கவில்லை. கரண்ட் பில் கட்டணும். என்னைச் செருப்பால் அடிக்கணும்.

மே 17, ஞாயிறு
எங்கும் போகவில்லை. எட்டரைக்கு வாட்ச்மேன் மணி அடித்தார். கையில் என் தூண்டில். "ஒருத்தரு குடுத்துட்டுப் போனாரு. சாராண்ட குடுத்துடுன்னாரு."

ஆறு வருஷமாக ஐயரே. இன்று சார்.

ஜெனிக்குப் பிரசவம் ஆயிற்றா என்றுகூடத் தெரியாது. யாரைக் கேட்பது?

"அதை ஆத்துக்குள்ள கொண்டு வராதேள்," வசந்தா, சமையலறையிலிருந்து. மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து ரீலைத் தடவிப் பார்த்தேன். உப்பு இல்லை. நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய்கூடப் போட்டிருக்கிறான்.