பதினான்கு நாள் தண்ணீர் இல்லை

மே 6, செவ்வாய்

ஏழாம் வகைச் சாமையின் பக்கத்தை இதுவரை 212 பேர் தரவிறக்கியிருக்கிறார்கள். கணினியைத் திறந்தால் முதலில் அந்த எண்ணைத்தான் பார்க்கிறேன், பரீட்சை முடிவு பார்க்கிற பிள்ளை மாதிரி. வறட்சி, வெயில், உப்பு என்று எந்தக் கஷ்டத்துக்கு எந்தச் செடி எந்தப் புரதத்தை உண்டாக்குகிறது என்று பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்த்துவைக்கும் இணையத் தரவுத்தளம் அது. அதில் சித்தேரிச் சாமைக்கும் ஒரு பக்கம். கீழே என் பெயர்: தேவிப்பிரியா, தர்மபுரி.

இன்று ஒரு மின்னஞ்சல். மொரப்பூர்ப் பக்கம் கிணறு இல்லாத 38 குடும்பங்களுக்கு விதை கொடுக்கப்போகிற தொண்டு நிறுவனம், என் பதிவைப் பார்த்து ஏழாம் வகையைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. வழிகாட்டி நிர்மலாதேவி மேடம் அதைத் துறையில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். ஜூலையில் வாய்மொழித் தேர்வு. அதன் பிறகு நான் டாக்டர் தேவிப்பிரியா. அம்மா இப்போதே பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டாள்.

மே 11, ஞாயிறு

ஆய்வேட்டுக்குப் படம் எடுக்கச் சித்தேரி போனேன். போகாமலே இருந்திருக்கலாம்.

எனக்குச் சோதனைக்கு இடம் கொடுத்த விவசாயி மாரப்பன் அண்ணன் வீட்டுக்குப் பின்னால்தான் போன வருஷம் பிளாஸ்டிக் கூரை போட்டு, ஏழு வகைச் சாமையைப் பதினான்கு நாள் தண்ணீரில்லாமல் வைத்தேன். மற்ற ஆறும் சுருண்டன. வழியோரம் இருந்த ஏழாவது மட்டும் பச்சையாக நின்றது. அதன் இலையில் ஒரு புரதம் கூடுதலாக இருந்தது. அதுதான் செடியைக் காக்கிறது என்று எழுதினேன். இன்று அவர் மனைவி தீர்த்தம்மாள் அக்கா டீ டம்ளரை நீட்டியபடி, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்.

"இந்த வழியோர வரிசைக்கு மட்டும் அந்தியில நான் ரெண்டு சொம்பு ஊத்திருவேன் கண்ணு. வாடிக் கெடக்குறத தாண்டிப் போயி எப்புடி சோறு திங்கறது?"

தண்ணீர் ஊற்றக் கூடாது என்று மாரப்பன் அண்ணனிடம்தான் சொல்லியிருந்தேன். அவரும் நோட்டில் தினமும் 'தண்ணி இல்ல' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் ஊற்றவில்லைதானே. அந்த வீட்டில் அவர் என்றைக்குக் குடத்தைத் தொட்டார்? எங்கள் வீட்டில் அப்பா தொட்டிருக்கிறாரா? இது தெரியாதவளா நான்?

மே 12

சோறு இறங்கவில்லை. அம்மாவிடம் வெயில் என்று சொன்னேன்.

மே 15, வியாழன்

யாருக்குத் தெரியும்? அக்காவுக்குத் தெரியும், அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை. எனக்குத் தெரியும். அவ்வளவுதான், ரெண்டு பேர். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஜூலை வந்துவிடும். ரெண்டு சொம்பு தண்ணீர் எந்த மூலைக்கு? ஒருவேளை அந்த வகை நிஜமாகவே தாங்குமோ?

பயமா இருக்கு. போன் அடிச்சா எடுக்காம கவுத்து வெக்கிறேன். நான் என்ன திருடினேனா?

மே 19, திங்கள்

மேடத்திடம் சொன்னேன். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "ரெண்டு சொம்பு தண்ணிக்காக நாலு வருஷத்தத் தூக்கிப் போடுவியா? வைவா முடியட்டும், அப்பறம் திருத்திக்கலாம்" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

அதற்குள் மொரப்பூரில் விதைத்து முடித்துவிடுவார்களே என்று கேட்க வாய் வரவில்லை.

மே 27, செவ்வாய்

நிறுவனத்திலிருந்து புகைப்படம். சித்தேரியில் வாங்கிய விதை, அடுக்கிய பைகள். ஒவ்வொன்றின் மேலும் 'பதினான்கு நாள் வறட்சி தாங்கும்'. என் வாக்கியம்.

இதை நம்பி அந்த 38 குடும்பங்களும் வீட்டிலிருக்கும் பழைய விதையைக் குத்திச் சமைத்துவிடுவார்கள். புதுப் பயிர் காய்ந்தால் மறுபடி விதைக்க என்ன இருக்கும்? பை பையாகக் கண்ணுக்குள் நிற்கிறது.

ஜூன் 3, செவ்வாய்

எழுதிவிட்டேன். தரவுத்தளத்துக்கு ஒன்று, நிறுவனத்துக்கு ஒன்று, மேடத்துக்கு நகல். 'சோதனைச் செடிகளுக்கு இடையில் தண்ணீர் ஊற்றப்பட்டுள்ளது. அதைக் கவனிக்காதது என் தவறு. பதிவை விலக்கிக்கொள்ளவும்.' அக்கா பெயரை எங்கும் போடவில்லை. அனுப்பிய பிறகு கொல்லைக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

ஜூன் 5

பதில் இல்லை.

ஜூன் 9, திங்கள்

பக்கத்தின் மேல் சிவப்புப் பட்டை: 'விலக்கப்பட்டது'. கீழே என் பெயர் அப்படியே இருக்கிறது. இனி எங்கே வேலைக்குப் போனாலும் இதைத்தான் முதலில் பார்ப்பார்கள். விதைப் பைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டதாக நிறுவனத்திலிருந்து இரண்டு வரி. வாய்மொழித் தேர்வு தள்ளிவைப்பு, தேதி கிடையாது. மேடம் போனை எடுக்கவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "பக்கத்து வூட்டுல என்னன்னு சொல்றது?"

ஜூலை 20, ஞாயிறு

சித்தேரியில் மறுபடி அதே ஏழு வகை. போன மாதம் விதைத்தவை முழங்கால் உயரம் வந்துவிட்டன. நாளை மறுநாளிலிருந்து தண்ணீர் கிடையாது. தண்ணீர் ஊற்றாமல் இருக்க முடியுமா என்று இம்முறை அக்காவிடம்தான் முதலில் கேட்டேன்.

"அப்ப அந்தப் பதினாலு நாளும் நான் எங்கண்ணன் வூட்டுல இருந்துக்கறேன். இங்க இருந்தா கை சும்மா இருக்காது."

சமையல் தன் தலையில் விழுகிறதென்று மாரப்பன் அண்ணன் என்னை முறைத்தார். மே மாதத்துக்குப் பிறகு இன்றுதான் சிரித்தேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பதினான்கு நாள் முடிந்தது. ஏழாம் வகையும் போய்விட்டது. இலையைத் தொட்டால் பொடியாகிறது. தாங்கிவிடாதா என்று காலை வரை ஆசை இருந்தது.

அரூரில் பஸ் மாறினேன். பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் மொரப்பூர்ப் பக்கம். அங்கேயும் இரண்டு வாரமாக மழை இல்லையாம். "புது வெதை தர்றேன்னு பேரெல்லாம் எழுதிக்கிட்டுப் போனாங்க. எவளோ ஒருத்தி எழுதிப் போட்டு நிறுத்திப்புட்டாளாம். நல்லா இருப்பாளா அவ?" என்றார்.

பழைய விதைதான் போட்டீர்களா, எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"வாடித்தான் கெடக்குது. ஒரு மழ பேஞ்சா எந்திரிச்சுக்கும்."

மொரப்பூர் வரும்வரை அவளைத் திட்டிக்கொண்டே வந்தார். நான் கேட்டுக்கொண்டே வந்தேன்.