பாட்டுக்கு நடுவே உன் குரல்

அக்கா,

பரணிலிருந்து பழைய சூட்கேஸை இறக்கித் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனையும் பூஞ்சை வாசனையும் சேர்ந்து முகத்தில் அடித்தன. உள்ளே உன் கல்யாண வீடியோ கேசட்டுகள், உன் கூறைப் புடவை வந்த துணிப்பையில் சுற்றி இருந்தன. அப்பா சுற்றி வைத்தது.

இத்தனை நாள் தொடாததை எடுக்க வைத்தவள் உன் மகள். நித்யாவுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. நீ பாட்டியாகிவிட்டாய், இருபத்தாறு வயதுப் பாட்டி. குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே ஒருநாள் கேட்டாள். "அம்மா எப்படிப் பேசுவாங்க மாமா? கொரல் எப்படி இருக்கும்?"

நீ காய்ச்சலில் போனபோது அவள் கைக்குழந்தை, அவளுக்கு எப்படித் தெரியும்? உன்னை மாதிரிப் பேசிக் காட்டப் பார்த்தேன். நீ பேசியதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. "பாத்ரூம்ல லைட்ட அணைச்சியாடா" வரைக்கும் இருக்கிறது. ஆனால் எல்லாமே என் குரலில்தான் கேட்கிறது. உன் குரல் எப்போது என்னை விட்டுப் போனதென்றே தெரியவில்லை அக்கா. பயந்துவிட்டேன்.

கேசட் போட்டுப் பார்க்கும் டெக் இப்போது யார் வீட்டில் இருக்கிறது? அலைந்து திரிந்து, ஆழ்வார்பேட்டையில் ஒரு டிவி ரிப்பேர் கடையில் பிடித்தேன். "ஹெட்ட தொட்ச்சி குட்த்துகீறேன் சார். பூஞ்ச புட்ச்ச கேசட்ட அப்டியே போட்டு என் பொழப்ப கெடுத்துடாத" என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து கேசட்டுகளைப் பஞ்சும் பொறுமையுமாகத் துடைத்துவிட்டு, படத்தைப் பதிவுசெய்ய டெக்கைக் கம்ப்யூட்டரோடு இணைத்தேன். ஒரு பட்டனைத் தட்டிவிட்டுக் காபி குடிக்கப் போகலாம் என்றுதான் நினைத்தேன். அதெல்லாம் நடக்காது. மூன்று மணி நேரக் கேசட் மூன்று மணி நேரம் ஓடினால்தான் உண்டு.

ஆகவே மத்தியானங்களில் உன்னோடு உட்கார்ந்தேன். ஜன்னலைச் சாத்தினாலும் மாடவீதியின் ஆட்டோ சத்தம் லேசாக வரும். திரையில் ஒரு தாமரை விரிகிறது, அதற்குள்ளிருந்து உன் முகம் வருகிறது. பிறகு அது ஒரு இதயத்துக்குள் புகுந்து, சுழன்றபடி மூலைக்குப் பறந்துபோகிறது. எதிர் மூலையிலிருந்து அத்தான் மிதந்து வருகிறார். நீ சிரிக்கிறாய், யாரையோ கூப்பிடுகிறாய், அம்மாவிடம் என்னவோ கேட்கிறாய்.

ஒன்றும் காதில் விழவில்லை. எல்லாம் சினிமாப் பாட்டு. அந்தக் காலத்தில் வீடியோக்காரர்கள் மண்டபத்துச் சத்தத்தை அழித்து அதன்மேல் பாட்டைப் போட்டுத்தானே தருவார்கள்? நாமும் "மிக்சிங் பிரமாதம்" என்று மெச்சினோம். அப்பா ஸ்டூடியோவிலேயே உட்கார்ந்து பாட்டுகளைப் பொறுக்கிக் கொடுத்தார். இப்போது உன் உதடு அசைகிறது, யாரோ பாடுகிறார்கள். அந்த வீடியோக்காரரை வாய்க்கு வந்தபடி திட்டினேன், அப்பாவையும் சேர்த்து. பிறகு கண் சொக்கும். பாட்டும் நீயும் கலந்து, இந்த வீட்டுக்குள்ளேயே நீ நடமாடுவதுபோல் இருக்கும். விழித்தால் நீ வேறு புடவையில் இருப்பாய்.

கடைசிக் கேசட்டில் முகூர்த்தம் முடிந்துவிட்டது. உன் பின்னால் நின்று அழுதுகொண்டிருக்கிறேன், பத்தாவது படிக்கிற தடியன். நீ திரும்பி என்னிடம் ஏதோ சொல்கிறாய். அது எனக்குத் தெரியும். "அழாதடா, நான் எங்கயும் போகமாட்டேன்" என்றாய். நித்யாவுக்கு இதை எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

சரியாக அங்கே ஒரு பாட்டு முடிந்தது. அடுத்தது தொடங்கவில்லை. நாற்காலி இழுபடும் சத்தம், எங்கோ ஒரு குழந்தையின் அழுகை, அப்புறம் நீ.

"டேய், மூக்கத் தொடைடா மொதல்ல. புதுச் சட்டையில ஒழுகுது."

அடுத்த பாட்டு வந்துவிட்டது.

சிரித்தேன், அழுதேன், திரும்பத் திரும்பப் போட்டேன். நான் எங்கயும் போகமாட்டேன் என்று நீ சொல்லவே இல்லை. நானாக வைத்துக்கொண்டது.

எல்லாவற்றையும் டிவிடியில் ஏற்றி, ஞாயிற்றுக்கிழமை நங்கநல்லூருக்கு நித்யா வீட்டுக்குப் போனேன். அவள் உள்ளறையில் குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள். சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, டிவியில் அந்த இடத்தைப் போட்டேன். நீ பேசி முடித்ததும் நித்யா வெளியே வந்தாள். அவள் இன்னும் திரையைப் பார்க்கவில்லை.

"என்ன மாமா, நான் பேசினத எப்ப ரெக்கார்ட் பண்ணீங்க?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். "இன்னும் கொஞ்சம் பேசும்மா" என்றேன்.

"என்ன பேசறது? ஏன் மாமா, ஒடம்பு ஏதாவது பண்ணுதா?"

நீதான் அக்கா. அவள் குரல் மழலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து வந்ததால் எனக்குப் பிடிபடவே இல்லை. நான் தொலைத்துவிட்டதாகப் பயந்த குரல், தினமும் சாயங்காலம் எனக்குப் போன் போட்டு "மாத்திரை போட்டீங்களா இல்லையா" என்று மிரட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அன்றைக்கு அவளைத் திரைமுன் உட்காரவைத்து, உன்னைக் காட்டினேன். அந்த இடத்தை அவள் மறுபடி மறுபடி போடச் சொன்னாள். பிறகு தன் குரலிலேயே, உன் வார்த்தைகளை மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

கேசட்டுகளை மறுபடி உன் பையிலேயே சுற்றி வைத்துவிட்டேன். இதோ, போன் அடிக்கிறது, நித்யாவாகத்தான் இருக்கும். இரு, மூக்கைத் துடைத்துக்கொண்டு எடுக்கிறேன்.