பாதியில் நின்ற பீரோ

மகளுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்ததும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பரவாயில்லை.

பக்கத்து வீட்டு டெய்லர் உனக்குப் போன் போட்டு, "அப்பாவுக்கு நெஞ்சு வலி" என்றாரே, அது பொய்யில்லை. நெஞ்சில்தான் வலித்தது. ஆனால் நீ வருவதற்கு முன்பே டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, "இதயம் கல்லு மாதிரி இருக்குங்க. தசைதான் சுளுக்கிக்கிச்சு" என்று சொல்லிவிட்டார். என் நெஞ்சு கல் என்பது உனக்குத் தெரிந்த விஷயம்தான்.

உன்னிடம் நான் அதைச் சொல்லவில்லை. நாலு வருஷம் கழித்துப் படியேறி வந்தவள், வெந்நீர்ப் பையை வைத்து, "இங்கயாப்பா வலிக்குது?" என்று கேட்டாய். இன்னும் கொஞ்சம் மேலே என்று காட்டினேன்.

உன் அறை வாசலை அடைத்துக்கொண்டு நின்ற உன் பீரோவைப் பார்த்து, "பெயிண்ட் அடிக்கப் போறீங்களா?" என்றாய். ஆமாம் என்றேன். பெயிண்டும் இல்லை, ஒன்றும் இல்லை. இனி இவளுக்கு எதற்கு என்று வீம்புக்கு ஒற்றை ஆளாக அதை வெளியே தள்ளினேன். பாதியில் நெஞ்சு பிடித்துக்கொண்டது.

சிரிக்கக் கூடாது, தும்மக் கூடாது என்றார்கள். சிரிக்க இங்கே ஆளில்லை. தும்மல்தான் உயிரை வாங்கியது.

நேற்று டாக்டர், "குணமாயிடுச்சு, இனிமே வர வேண்டாம்" என்றார். நாலு வருஷத்துக்கு முன்னால் உன்னை வாசலில் நிறுத்தி நான் சொன்னதும் இதுதான். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஆள் வைத்து பீரோவைப் பழைய இடத்துக்கே நகர்த்திவிட்டேன். சாவி அதிலேயே தொங்குகிறது.

அப்பா