இரண்டாவது பணியிடம்

ராமநாதபுரம் மாவட்டம்
ஜூலை 6

அன்புள்ள மதி,

போனிலேயே பேசலாம்தான். ஆனால் போனை எடுத்தால் நாம் இருவரும் மாறி மாறிச் "சாப்பிட்டாயா" என்று கேட்டுவிட்டு, பிறகு ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அதனால்தான் இந்தக் கடிதம். எழுதும்போது நடுவில் "சரி விடு" என்று சொல்ல உனக்கு வழியில்லை.

இங்கே பணியில் சேர்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து பார்த்தால் கடல் தெரியும். குவார்ட்டர்ஸ் கதவு உப்புக்காற்றில் உப்பி, தோளால் இடித்தால்தான் திறக்கிறது. குடிக்கிற தண்ணீர் குடம் கணக்கில் விலைக்கு வருகிறது. ஊர்க்காரர்கள் பிரியமானவர்கள். "தர்மபுரியா? அது எங்கிட்டு இருக்கு?" என்று கேட்கிறார்கள். ஏரியூர் என்றால் இன்னும் விழிக்கிறார்கள்.

அவ்வளவு தூரத்திலிருந்து எதற்கு வந்தேன் என்றும் கேட்கிறார்கள். ஸ்ட்ரைக்கில் உட்கார்ந்தேன், எழுந்திருக்கவில்லை, அதனால் தூக்கிப் போட்டார்கள் என்றேன். "சம்பளம் பத்தலையா டாக்டரம்மா?" என்றார் ஒரு படகுக்காரர். தருவதாகச் சொன்ன ஊதிய உயர்வைப் பல வருடமாகத் தரவில்லை, நாலு டாக்டர் பார்க்கிற கூட்டத்தை ஒருவர் பார்க்க வேண்டியிருக்கிறது, விடிய விடிய வேலை பார்த்துவிட்டுக் காலையில் மறுபடி ஓ.பி.யில் உட்கார வேண்டும் என்று விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்களுக்கும் டீசல் மானியம் இன்னும் வரலம்மா" என்றார். சிரித்துவிட்டேன். இங்கே வந்து சிரித்தது அப்போதுதான்.

மதி, நீ வேலைக்குத் திரும்பியதற்காக நான் கோபப்படவில்லை. மாலைக்குள் திரும்பாதவர்களுக்கு இடமாற்றம் என்று அறிவிப்பு வந்ததும் பந்தலில் பாதிப் பேர் எழுந்தார்கள். அதில் நீயும் ஒருவன். ஆனால் நான் உனக்கு மூன்று வரிசை பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன். நீ திரும்பிப் பார்க்கவே இல்லை. வேலைக்குத் திரும்புவதாக நீ கையெழுத்துப் போட்டதை நான் வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

இருமல் விட்டதா? வெந்நீர் குடி.

கோகிலா


ஏரியூர்
ஜூலை 19

என் கோகிக்கு,

உன் கடிதத்தை ஓ.பி. முடிந்து, உன் அறையில் உட்கார்ந்து படித்தேன். அந்த அறையை யாருக்கும் தரவில்லை. தருவதற்கு ஆளும் இல்லை. இந்த ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு இரண்டு பணியிடம்; இரண்டாவது நீ போனதிலிருந்து காலியாகவே கிடக்கிறது. நிரப்பச் சொல்லி மேலிடத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நான் திரும்பிப் பார்க்காததற்குக் காரணம் இருக்கிறது. பார்த்திருந்தால் உட்கார்ந்துவிட்டிருப்பேன். அன்று இங்கே நீயும் இல்லை, நானும் இல்லை. பிரசவத்துக்கு நாள் நெருங்கிய பெண்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். ஏதாவது ஆகிவிட்டால் வீட்டுக்காரர்கள் அரசாங்கத்திடமா போய் நிற்பார்கள்? நம்மிடம்தான் வருவார்கள். நீ கேட்டதெல்லாம் நியாயம், நானும் அதைத்தான் கேட்டேன். ஆனால் யாராவது ஒருவர் இங்கே இருக்க வேண்டும் என்று தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

சுகர் மாத்திரைக்கு வரும் குள்ளம்மாள் என்னிடம் வாயைத் திறந்து எதுவும் சொல்வதில்லை. "எங்க டாக்டரம்மா வரட்டுங்க சார், அவங்ககிட்டச் சொல்லிக்கறேன்" என்று மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறார். நீ எப்போது வருவாய் என்று நர்ஸ் சுகுணா கேட்பதை நிறுத்திவிட்டார். அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பாப்பாரப்பட்டி போய்க் காய் வாங்கினேன். பழக்கத்தில் இரண்டு பேருக்கு வாங்கிவிட்டேன். பாதி அழுகிப் போயிற்று.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாமல் படி. மேலதிகாரி ஒருவரிடம் பேசினேன். நடந்ததற்கு வருந்துகிறேன், இனி வேலைநிறுத்தத்தில் கலந்துகொள்ள மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால், பழைய இடத்துக்கே போட்டுவிடுவார்களாம். நாலு வரிதான் கோகி. நீ எழுதும்போது நான் வேண்டுமானால் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.

வந்துவிடு.

மதி


ராமநாதபுரம் மாவட்டம்
ஆகஸ்ட் 2

அன்புள்ள மதி,

அந்த நாலு வரியை எழுதிப் பார்த்தேன். உண்மையாகத்தான் சொல்கிறேன். முதல் வரி வந்தது. "வருந்துகிறேன்" என்ற சொல் வந்த இடத்தில் கை நின்றுவிட்டது. எதற்கு வருந்த வேண்டும்? தூக்கம் கேட்டதற்கா? இன்னொரு டாக்டர் கேட்டதற்கா?

நான் எழுதிக் கொடுத்தால் ஏரியூருக்கு ஒரு டாக்டர் கிடைப்பாள். ஆனால் அதன்பிறகு எந்த ஊருக்கும் இரண்டாவது டாக்டர் வேண்டும் என்று கேட்க அவளுக்கு வாய் இருக்காது. அப்படி ஒருத்தியோடு நீ குடித்தனம் செய்துவிடுவாய். என்னால் முடியாது.

காய் வாங்கும்போது பார்த்து வாங்கு. எனக்கு இங்கே மீன்தான். சமைக்கத் தெரியாமல் சமைத்து, பூனைக்குப் போடுகிறேன். பூனை மட்டும் கொழுத்துவிட்டது.

கோகிலா


ஏரியூர்
அக்டோபர் 23

கோகி,

மூன்று மாதமாக நான் எழுதவில்லை. நீயும் எழுதவில்லை. இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

போன ஞாயிறு ராமக்காள் என்ற பெண் பிரசவத்துக்கு வந்திருந்தாள். முதல் பிரசவம். காலையிலேயே வந்துவிட்டாள், எல்லாம் சரியாக இருந்தது. மதியம் பெண் குழந்தை பிறந்தது. புருஷன் வீரன் வாசலில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் கிருஷ்ணப்பன் என்ற விவசாயியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கடலைக்காய் பிடுங்கும்போது பாம்பு கடித்திருக்கிறது. இமை தூக்க முடியவில்லை, கழுத்து நிற்கவில்லை. விஷமுறிவு மருந்தை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே மூச்சு அடங்க ஆரம்பித்தது. செயற்கை மூச்சுக்கான பையை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். கையை எடுத்தால் மூச்சு இல்லை.

பிரசவ அறையிலிருந்து சுகுணா கத்தினார். "சார், ரத்தம் நிக்கல சார்! ஊசி போட்டுட்டேன், நிக்கவே மாட்டேங்குது!"

பையைக் கிருஷ்ணப்பனின் மைத்துனர் கையில் கொடுத்து, எப்படி அழுத்துவது என்று காட்டிவிட்டு ஓடினேன். கருப்பை இறுகவே இல்லை. ஒரு கையை உள்ளேயும் ஒரு கையை வயிற்றின் மேலேயும் வைத்து அழுத்தினேன். ரத்தம் குறைகிற மாதிரி இருந்தது. அதற்குள் அந்தப் பக்கம் மைத்துனர், "சார், மாமா நீலமா ஆவறாருங்க சார்!" என்றார். ஓடினேன். பை முகத்திலிருந்து நழுவியிருந்தது. சரி செய்துவிட்டு மறுபடி ஓடினேன். எத்தனை தடவை அந்த வராந்தாவில் ஓடினேன் என்று தெரியவில்லை.

ஆம்புலன்ஸ் ஒகேனக்கல் ரோட்டில் நடந்த ஒரு விபத்துக்குப் போயிருந்தது. அது வந்ததும் ராமக்காளை ஏற்றி, சுகுணாவைக் கூட அனுப்பினேன். நான் போயிருக்க வேண்டும். ஆனால் நான் ஏறினால் கிருஷ்ணப்பன் செத்துப்போவார். பென்னாகரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே சுகுணா போன் செய்தார். வழியிலேயே போய்விட்டாள் என்று அழுதார்.

கிருஷ்ணப்பன் பிழைத்துவிட்டார்.

சாயங்காலம் வீரன் வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. "நீங்க ஒருத்தருங்க சார்," என்றான். "ரெண்டு எடத்துல எப்பிடிங்க நிப்பீங்க?" குழந்தையை ஆத்தா வூட்டில் விட்டிருக்கிறானாம். அதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

உன் அறை திறந்தே கிடந்தது கோகி. ஓடும்போதெல்லாம் அதைத் தாண்டித்தான் ஓடினேன்.

மதி


ஏரியூர்
நவம்பர் 9

கோகி,

உன் பதில் வரவில்லை. கேட்கவும் எனக்குத் தைரியமில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

ராமக்காளின் மரணத்துக்கு விளக்கம் கேட்டார்கள். நான் எழுதிக் கொடுத்தேன்: இரண்டு உயிர்கள், ஒரு டாக்டர், இரண்டாவது பணியிடம் காலி. அதிகாரி என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, டீ வரவழைத்து, அன்பாகத்தான் பேசினார். "நோயாளி தாமதமாக அழைத்து வரப்பட்டார் என்று போடுங்கள் டாக்டர். உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது. நீங்கள் ஸ்ட்ரைக்கில் நம் பக்கம் நின்றவர்."

கோகி, "நம் பக்கம்" என்றார் அவர். டீயைத் தள்ளி வைத்தேன்.

"அந்தப் பெண் காலையிலேயே வந்துட்டா சார். நான்தான் பெட் போட்டேன்" என்றேன். எழுதியதை மாற்ற மாட்டேன் என்றும் சொன்னேன். இப்போது கவனக்குறைவு என்று என் மேலேயே குற்றச்சாட்டு வந்திருக்கிறது. இருபத்தாறாம் தேதி தர்மபுரியில் விசாரணை.

நேற்று கிருஷ்ணப்பன் கடலைக்காய் மூட்டையோடு வந்து காலில் விழப் பார்த்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உள் அறைக்குப் போய், வேலை இருக்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தேன். "டாக்டருக்கு ஒடம்பு சரியில்லைங்களா?" என்று அவர் சுகுணாவிடம் கேட்டது காதில் விழுந்தது.

வீட்டில் யாரும் பேசாததால், ரேடியோவைப் போட்டு வைக்கிறேன். என்ன ஓடுகிறது என்று தெரிவதில்லை.

மதி


ராமநாதபுரம் மாவட்டம்
நவம்பர் 17

என் மதிக்கு,

உன் அக்டோபர் கடிதம் உடனே கிடைத்துவிட்டது. பதில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொன்னால் நீ என்னை என்ன நினைப்பாயோ தெரியாது. இருந்தாலும் சொல்கிறேன்.

ராமக்காள் இறந்ததைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. "இப்போதாவது புரிந்ததா" என்ற எண்ணம்தான் வந்தது. ஒரு கணம்தான். அடுத்த கணம் கடிதத்தைக் கீழே போட்டுவிட்டேன். பிள்ளையின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் ஒரு பெண் போய்விட்டாள். நான் அவளை வைத்துப் புருஷனோடு வாதத்தில் ஜெயித்துக்கொண்டிருந்தேன். அதன்பிறகு எனக்கு என்னைப் பார்க்கவே பயமாக இருந்தது.

நீயும் ஒரு வாக்கியத்தை எழுதாமல் விட்டிருக்கிறாய் மதி. எவ்வளவு கவனமாக விட்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரிகிறது. நான் அந்த நாலு வரியை எழுதிக் கொடுத்திருந்தால், அந்த ஞாயிற்றுக்கிழமை பிரசவ அறையில் நின்றிருப்பேன். உண்மைதான். அன்று பந்தலில் எல்லோரும் எழுந்திருக்காமல் இருந்திருந்தால், இன்று அங்கே மூன்றாவது டாக்டரே இருந்திருப்பார். அதுவும் உண்மைதான். நாம் ஒரே வீட்டில் இருந்தால் சோறு போடும்போதும் விளக்கை அணைக்கும்போதும் இந்த இரண்டு வாக்கியங்களும் நம் நடுவில் இருக்கும். நீ சொல்ல மாட்டாய். நானும் சொல்ல மாட்டேன். சொல்லாமலே நாம் ஒருவரை ஒருவர் தின்றுவிடுவோம்.

அதனால் நான் திரும்பி வரப் போவதில்லை. சங்கம் போட்டிருக்கும் வழக்கில் நீதிமன்றம் இடமாற்றத்தை ரத்து செய்தாலும் வேறு ஊர்தான் கேட்பேன். இதைக் கோபத்தில் எழுதவில்லை. கோபம் இருந்தபோது எழுதியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

விசாரணைக்கு வருகிறேன். குற்றம் சாட்டப்பட்டவருக்குத் துணையாகச் சங்கத்திலிருந்து ஒருவர் உட்காரலாம். அது நான்தான் என்று சங்கத்தில் சொல்லி, அனுமதியும் வாங்கிவிட்டேன். வீட்டுக்காரி இல்லையா, சரிப்படுமா என்று கேட்டார்கள். அந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த டாக்டர் என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

ராமக்காள் வந்த நேரம் எழுதிய பதிவேட்டின் நகலையும், காலிப் பணியிடம் பற்றி நீ முன்பு அனுப்பிய கடிதங்களின் நகல்களையும் எடுத்து வை. சுகுணாவிடம் சாட்சி சொல்லச் சொல்லிக் கேள். வற்புறுத்தாதே, அவருக்கும் வேலை இருக்கிறது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல். உனக்குக் குரல் நடுங்கினால் நான் பேசுகிறேன்.

கிருஷ்ணப்பன் இன்னொரு முறை வந்தால் உள்ளே போய்விடாதே. வெளியே வந்து அவர் கையைப் பிடித்துக்கொள். அவர் பிழைத்தது தப்பு இல்லை.

முந்தைய நாள் இரவு பஸ் ஏறி, அன்று காலை தர்மபுரி வந்துவிடுவேன். சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவேன். பஸ் ஸ்டாண்டுக்கு வராதே மதி. விசாரணை அறையிலேயே பார்க்கலாம்.

கோகிலா