தரினாவின் காதும் உன் பாட்டும்

ஏக்ரன், ஒஹாயோ
பிப்ரவரி 1997, ஞாயிறு பகல்

அன்பு மகன் மிலனுக்கு அப்பா எழுதுவது. நீ கொலோன் நகரத்துக் குளிரில் காதையும் கழுத்தையும் மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பு நன்றாக இருக்க வேண்டும். நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. டிசம்பரிலிருந்து நீ தொலைபேசியில் கூப்பிடும்போதெல்லாம் மணி அடித்துக்கொண்டே இருந்திருக்கும், யாரும் எடுக்கவில்லை என்று கவலைப்பட்டிருப்பாய். மணி இங்கே அடிக்கவே இல்லை, நான் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கி வைத்துவிட்டேன். அதற்கு முன்பு நீ பேசியபோது தரினா தூங்குகிறாள், கடைக்குப் போயிருக்கிறாள் என்று அம்மா சொன்னதெல்லாம் பொய். நீ ஈஸ்டருக்கு வருகிறேன், தங்கைக்கு முன்னால் உட்கார்ந்து புதுப் பாட்டை வாசிக்கப் போகிறேன் என்று அஞ்சலட்டை போட்டிருக்கிறாய். அதைப் பார்த்த பிறகு இனி மறைக்க முடியாது. உனக்குச் சொல்லக் கூடாது என்று தரினா என்னிடம் வாக்கு வாங்கியிருந்தாள், அதை மீறித்தான் எழுதுகிறேன்.

போன வருஷம் அவள் கார் மோதி, மோதலில் ஸ்டியரிங்கிலிருந்து உப்பி வரும் காற்றுப்பை காதருகே வெடித்ததும், பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலையை விட்டதும் உனக்குத் தெரியும். காது கேட்காமல் போயிருந்தால்கூடத் தேவலை, இது தலைகீழ். தட்டில் கரண்டி பட்டால் கண்ணுக்குப் பின்னால் ஊசி இறங்குகிற மாதிரி வலி. அம்மா பீங்கானை எல்லாம் கட்டி வைத்துவிட்டு மரக்கிண்ணம் வாங்கினாள், கோஸ் வதக்குகிற சத்தம்கூட ஆகாது என்று அவித்துப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவள் போவதில்லை, பாடகர் குழுவில் பெண்கள் குரலைத் தூக்கும் இடத்தில் நடுங்கிப்போவாள். ரேடியோப் பாட்டில் டிரம் படீரென்று விழும், அதுவும் கூடாது. அப்படி இருந்தவளுக்கு நீ ஆகஸ்டில் அந்தக் கேசட்டை அனுப்பினாய்.

எனக்கு உன் பாட்டைப் பற்றி என்ன தெரியும். முப்பது வருஷம் டயர் ஆலையில் நின்ற காது, பாதி செத்த காது. கிதாரை வயலின் வில்லால் இழுக்கிறானாம், யந்திரம் பழுதாகி நிற்கப்போகிற மாதிரி இருக்கிறது, இதற்கா சீமைக்குப் போனான் என்று நான் அம்மாவிடம் சொன்னேன். தரினா மாடிப்படியின் உச்சியில் உட்கார்ந்து, கீழே கூடத்தில் மிக மெதுவாக வைக்கச் சொல்லிக் கேட்டாள். மறுநாள் ஒரு படி இறங்கி உட்கார்ந்தாள். செப்டம்பர் முடிவதற்குள் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் தரையில் படுத்திருந்தாள். எப்படியம்மா இதைத் தாங்குகிறாய் என்று கேட்டேன். "மத்த சத்தமெல்லாம் சொல்லாம கொள்ளாம வந்து அறையுதுப்பா. இது தூரத்துலேயே வர்றது தெரியுது. நான் தயாராயிடறேன், அது வந்து என் மேல ஏறிப் போயிடுது, அவ்ளோதான்" என்றாள். ரெண்டு சுரம் ஒன்றோடொன்று சரியாகச் சேராமல் உரசுகிற இடம் ஒன்று இருக்கிறதாமே, அங்கே பிடரியில் எறும்பு ஊர்வது போல இருக்குமாம், பல் கூசுமாம், ஆனாலும் அது வலி இல்லையாம். வலிக்காத கூச்சம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது என்றாள். கேசட்டின் மறுபக்கத்தை மட்டும் வைக்க விடமாட்டாள். அங்கே சத்தம் நின்று நின்று திடீரென்று வெடிக்கிறது அல்லவா. "வெடிக்கிறதவிட நடுவுல வர்ற அந்த மௌனம்தான்ப்பா கொடுமை. எப்ப அடி விழும்னு உக்காந்து பாத்துட்டே இருக்கணும். அண்ணன் இத வாசிக்கும்போது யாரோ ஒருத்தர் மேல கோபமா இருந்திருக்கான்" என்றாள். யார் மேல் என்று நான் கேட்கவில்லை.

உன் பழைய டிரம்காரன் ராஸ்கோ நவம்பரில் வந்தான். தொழிற்சங்கக் கூடத்தில் பகல் வேளையில் வாசிக்கப் போவதாகவும், கேசட்டின் முதல் பக்கத்திலுள்ள உன் நீளப் பாட்டையும் வாசிக்கப்போவதாகவும் சொன்னான். அவள் போகிறேன் என்றாள். அம்மா பிடிவாதமாக வேண்டாம் என்றாள். டாக்டரோ, ஒரேயடியாக ஒளிந்துகொண்டாலும் காது இன்னும் மோசமாகும், பார்த்துப் போகட்டும் என்று ரெண்டுங்கெட்டானாகச் சொன்னார். ராஸ்கோ சமையலறையில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "சிம்பல் தட்டு மேல துண்டு சுத்தி வாசிக்கிறேம்மா. குச்சிக்குப் பதிலா பஞ்சு. பெரியவர் கொறட்டையவிடச் சன்னமா இருக்கும்" என்று சத்தியம் செய்தான். அம்மாகூடச் சிரித்துவிட்டாள். ஆலையில் நான் போட்ட காதுமூடியைத் தரினாவுக்கு மாட்டி, கதவோரம் கடைசி நாற்காலியில் உட்கார வைத்து நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ராஸ்கோ சொன்ன சொல் தவறவில்லை, அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன் பாட்டு தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் நாற்காலி நடுங்குவதே அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது, உள்ளங்கையை இருக்கையில் வைத்துக்கொண்டு சிரித்தாள். விபத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. பிறகு ஒரு பக்கத்துக் காதுமூடியைத் தூக்கினாள். நான் அதை இறக்கப் போனேன், என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். அப்போதுதான் முன்வரிசையில் யாரோ ஒரு பெண், கோட்டை எடுக்க எழுந்தவள், கம்பி தடுக்கி மைக்கோடு ஒலிபெருக்கி மேல் சாய்ந்தாள். மைக்கும் ஒலிபெருக்கியும் நெருங்கினால் கிளம்புமே, அந்த ஊளை எழுந்தது. கூட்டம் காதைப் பொத்திக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு சிரித்தது. யாரோ விசில்கூட அடித்தார்கள். தரினாவின் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. என் கையைப் பிடித்தபடியே நாற்காலியிலிருந்து வழுக்கித் தரையில் போய்விட்டாள், பாவாடை நனைந்திருந்தது. ராஸ்கோ டிரம்மைத் தள்ளிவிட்டு ஓடிவந்து கத்திப் பேசினான், பேசாதே பேசாதே என்று அவன் வாயை நான் பொத்த வேண்டியிருந்தது.

அன்று முதல் அவள் நிலவறையில் இருக்கிறாள். சுவரெல்லாம் போர்வை அடித்திருக்கிறேன். வலது காதில் விடாமல் கெட்டில் கொதிக்கிறதாம். எங்கள் குரலும் ஆகாது, தன் குரலும் ஆகாது, பென்சில் உரசுவதும் ஆகாது, மெழுகு வண்ணக் குச்சியால் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டுகிறாள். அவள் விழித்திருக்கும்போது வீட்டைச் சூடாக்கும் உலையை, அது இரைகிறது என்று அணைத்துவிடுகிறோம், வீட்டுக்குள்ளேயே கோட்டுப் போட்டுக்கொண்டு திரிகிறோம். அம்மா உன் கேசட்டை அடுப்பில் போடப் போனாள், தரினா பிடுங்கித் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள். அம்மா உனக்குக் கடிதம் எழுதாததற்குக் காரணம் இதுதான். கோபம் உன் மேல் இல்லை, எதன் மேல் என்று அவளுக்கே தெரியாது, உன் பெயர் பக்கத்தில் கிடைத்தது. ராஸ்கோ டிரம் வாசிப்பதையே விட்டுவிட்டான். அதைக் கேள்விப்பட்டுத்தான் தரினா, ஒரு முட்டாள் போதும், அண்ணனுக்குச் சொன்னால் அவனும் நிறுத்திவிடுவான் என்று எழுதி என்னிடம் வாக்கு வாங்கினாள். டாக்டர் சரியாகலாம் என்கிறார், ஆகாமலும் போகலாம் என்கிறார்.

போன வாரம் நான் ஒரு தாளில் எழுதிக் கேட்டேன். இப்படியாகும் என்று முன்னாலேயே தெரிந்திருந்தால் போயிருப்பாயா என்று.  அவள், பாதி வரைக்கும் இருந்துவிட்டு வந்திருப்பேன் என்று எழுதினாள். அதைப் படித்தபின் உன்னை வாசி என்று சொல்லவும் எனக்கு நாக்கு இல்லை, நிறுத்து என்று சொல்லவும் இல்லை. நீயே யோசித்துச் செய்.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும், உன் கைகளும் காதுகளும் பத்திரமாக இருக்கட்டும். வரும்போது கிதாரைக் கொண்டுவராதே. பின்வாசல் வழியாக வா, பூட்ஸைப் பனியிலேயே கழற்றிவிடு, அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடாதே, போய் எதிரில் உட்கார்ந்தால் போதும். அழுகை வந்தால் தெருமுனையில் என் கார் நிற்கும், கண்ணாடியை ஏற்றிவிட்டு அதில் உட்கார்ந்து அழுதுவிட்டு வா. நானும் அம்மாவும் அப்படித்தான் செய்கிறோம்.

உன் அன்புள்ள அப்பா,
ஸ்டெஃபான் ஹுடாக்